நோணாங்குப்பத்திலிருந்து அக்கரைக்கு

செலின்,
விடுப்புக் கடிதத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதாதே.
அன்றைக்கு வேலையே இல்லை என்பதுதானே சங்கதி.
‘உடல்நலமின்மை’யும் வேண்டாம்,
மறுநாள் மேலாளர் காய்ச்சலை விசாரிக்கும்போது
உன் மூக்கு வெயிலில் உரிந்திருக்கும்.

கடலூர் பஸ்ஸில் ஏறி
நோணாங்குப்பம் போட் ஹவுஸ் என்று கேட்டு இறங்கு.
முதல் படகை விட்டுவிடு.
கல்லூரிப் பிள்ளைகள் ஸ்பீக்கரோடு போவார்கள் அதில்.
இரண்டாவதில், இன்ஜினுக்கு எட்ட உட்கார்.
டீசல் வாடை பட்டால்
நம் ஆபீஸ் ஜெனரேட்டர் அறை ஞாபகம் வரும்,
ஞாபகம் வந்தால் பாதி விடுமுறை போச்சு.

மிதவைச் சட்டை ஈரமாயிருக்கும்,
முந்தின ஆளின் வியர்வை.
மூக்கைச் சுளிக்காமல் மாட்டிக்கொள்.

கழித்தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா
என்று கண்டுபிடிக்கப் பார்க்காதே.
நான் பார்த்தேன்.
கணக்குப் பிரிவில் பதினொரு வருஷம்,
எது கண்ணில் பட்டாலும் வரவா செலவா என்றுதான் கை பரபரக்கிறது.

தீவு என்பார்கள்.
ஒரு நீள மணல் நாக்கு, அவ்வளவுதான்.
இந்தப் பக்கம் கழி, அந்தப் பக்கம் கடல்,
நடுவே நூற்று நாற்பத்தேழு தப்படி.
எண்ணினேன்.
நீ எண்ணாதே.

செருப்பைக் கழற்றாதே.
விளம்பரத்தில் வருகிற மாதிரி
பதினொரு மணி மணலில் வெறுங்காலோடு இறங்குகிறவர்கள்
முதலில் நடப்பார்கள்,
பிறகு ஓடுவார்கள்.

தயிர்சாதம் கட்டிக்கொண்டு போ.
அங்கத்திக் காக்கைகளுக்கு
டப்பா மூடி திறக்கத் தெரியும், மடியிலேயே வைத்துக்கொள்.
வறுத்த வஞ்சிரம் வாங்கினால்
விலையை முன்னாலேயே கேட்டுவிடு.
தின்ற பிறகு கேட்டால் சண்டை வரும்,
சண்டை போடத் தெரியும் உனக்கு, வந்த காரியம் கெடும்.

கடலில் முழங்கால் வரைக்கும்தான்.
அங்கே தரை சொல்லாமல் இறங்கும்.
சீட்டி ஊதினால் உனக்குத்தான் ஊதுகிறார்கள்,
‘என்னையா?’ என்று திரும்பி நின்று கேட்காமல்
வெளியே வா.

போனை அணைக்காதே.
அணைத்தால் யார் கூப்பிட்டார்களோ என்றே யோசிப்பாய்.
அடிக்கட்டும். எடுக்காதே.
ஏழாம் தடவை அடித்து அது அலுத்து ஓயும்போது
கூடவே உனக்குள்ளும் ஒன்று ஓயும் பார்,
அதற்காகத்தான் இவ்வளவு தூரம்.

அப்புறம் படு.
இதுதான் கஷ்டம்.
கேஸை மூடினோமா, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்தோமா,
எல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.
டோக்கன் கொடுத்து உட்கார வை.

போன மாசியில் போனேனே,
பன்னிரண்டு மணிக்கு வாடகைக் குடை ஒன்றின் கீழே சாய்ந்தேன்.
ஒரு பக்கம் கிழிசல், மறு பக்கம் சோடா விளம்பரம்.
கண் எப்போது செருகியதோ.

விழித்தபோது நாலு.
முகத்தில் நிழல் குளிர்ச்சியாக இருந்தது.
உடனே எதுவும் தோன்றவில்லை.
தலையை உதறி உட்கார்ந்த பிறகுதான்
கணக்கு இடித்தது:
சூரியன் கழிப்பக்கம் சாய்ந்தாயிற்று,
என் நிழல் இந்நேரம்
அலையில் அல்லவா கிடக்க வேண்டும்?

மணலைப் பார்த்தேன்.
குடைக்கம்பு நட்டுப் பிடுங்கிய குழிகள்.
ஒன்று. கொஞ்சம் மேற்கே தள்ளி இன்னொன்று.
அதற்கும் மேற்கே,
கம்பு இப்போது நிற்கிற இடம்.

குடைக்காரரைக் கேட்டேன்.
‘நானில்லைம்மா, நாற்பது குடை வச்சிருக்கேன்,
ஒவ்வொண்ணா நகர்த்திக்கிட்டு இருப்பேனா?’
சீட்டிக்காரர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வஞ்சிரம் விற்ற பெண் கடையைக் கட்டிவிட்டாள்.
பக்கத்தில் யாரோ உட்கார்ந்து எழுந்த தடம்,
நாலு கடலைத் தோல்,
ஒரு குழந்தையின் உள்ளங்கை அளவுக்குக் கரைந்த மணல் வீடு.

எந்தத் தலைப்பில் பதிவது இதை?
யார் பெயரில்?
வெகுநேரம் அந்தக் குழிக்குள்
விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
உள்ளே ஈரம் இருந்தது.

சரி, செலின்,
கடைசிப் படகு ஐந்தரை என்று பலகையில் இருக்கும்,
ஐந்தேகாலுக்கே கிளப்பிவிடுவார்கள்.
குடைக்கு முன்பணம் நூறு ரூபாய் வாங்குவார்கள்,
மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்.

நான் மறந்துவிட்டேன்.